பொத்தான் இருந்தது, வேலை செய்யவில்லை

தனி ஊசலின் நீளத்தையும் அலைவு நேரத்தையும் அளந்து விரிதாளில் இடுகிறீர்கள். ஒரு பொத்தானை அழுத்தியதும் புவியீர்ப்பு முடுக்கத்தின் மதிப்பு கிடைக்கிறது. அப்பொத்தானுக்குப் பின்னால் நீங்களே எழுதிய சிறு நிரல் ஒன்று இருக்கிறது. மாக்ரோ என்பது அதன் பெயர். ஒரு நாள் மென்பொருளின் புதிய பதிப்பை நிறுவுகிறீர்கள். பொத்தான் இருக்கிறது, அழுத்தினால் கணக்கு நடப்பதில்லை. பழுதா? இல்லை, அவ்வசதியையே எடுத்துவிட்டார்கள்! மெக்கின்டாஷ் கணிப்பொறியில் எக்செல் பயன்படுத்தியவர்களுக்கு 2008-இல் நேர்ந்தது இதுதான்.

இத்தனைக்கும் எக்செல் பிறந்ததே மெக்கின்டாஷில்தான். 1979-இல் பிரிக்லினும் பிராங்ஸ்டனும் ஆக்கிய விசிகால்க், 1983-இல் வந்த லோட்டஸ் 1-2-3 ஆகியவற்றுக்குப் பின், 1985-இல் அது மெக்கின்டாஷுக்கு வந்தது. விண்டோஸுக்கு வந்தது 1987-இல். முதலில் மாக்ரோக்களை விரிதாளின் கட்டங்களிலேயே எழுதினார்கள். 1993-இல் ஐந்தாம் பதிப்புடன் விஷுவல் பேசிக் என்னும் மொழி சேர்ந்தது. பின்னர் அலுவலகங்களும் ஆய்வுக்கூடங்களும் அதையே நம்பின.

அதை ஏன் நீக்கினார்கள்? காரணம் சில்லில் இருக்கிறது. ஒவ்வொரு வகைச் செயலிக்கும் தனித்தனி எந்திர மொழி உண்டு என்பதை நீங்கள் அறிவீர்கள். மெக்கின்டாஷில் அதுவரை இருந்தது பவர்பிசி செயலி. இன்டெல் செயலிக்கு மாறப்போவதாக ஆப்பிள் நிறுவனம் 2005 ஜூனில் அறிவித்தது. விஷுவல் பேசிக்கை இயக்கும் பகுதியோ பவர்பிசியின் மொழியோடு பின்னிப் பிணைந்திருந்தது. அதைப் புதிதாக எழுத நெடுங்காலம் பிடிக்கும் என்று கருதிய மைக்ரோசாஃப்ட், அடுத்த பதிப்பில் அது இராது என 2006 ஆகஸ்டில் கூறிவிட்டது. அப்பதிப்பு 2008 ஜனவரியில் வெளிவந்தது. புள்ளியியல் பகுப்பாய்வுக் கருவித்தொகுப்பும் அதில் இல்லை. என்னைப் போன்ற இயற்பியல்காரர்களுக்கு இது இரட்டை அடி.

பயனாளர்கள் எப்படிச் சமாளித்தார்கள்? சிலர் 2004-ஆம் ஆண்டுப் பதிப்பையே விடாமல் வைத்துக்கொண்டார்கள். பவர்பிசிக் கட்டளைகளை இன்டெல் மொழிக்கு மாற்றித் தரும் ரொசெட்டா என்னும் மொழிபெயர்ப்பான் அதை இயக்கியது, வேகம்தான் குறைவு. சிலர் அதே கணிப்பொறியில் விண்டோஸை நிறுவி, அங்கே எக்செலை ஓட்டினார்கள். ஆப்பிள்ஸ்கிரிப்ட் மொழியில் நிரல்களைத் திருப்பி எழுதியவர்களும் உண்டு. ஆனால் விரிதாளுக்குள் புதிய சார்பு ஒன்றை ஆக்கிக்கொள்ள அம்மொழி உதவாது. வேடிக்கை என்னவென்றால், கட்டங்களில் எழுதும் அந்தப் பழைய மாக்ரோ மொழி மட்டும் 2008-லும் ஓடியது. பேரன் போய்விட, தாத்தா வேலைக்கு வந்ததைப் போல!

நம் ஊசல் கணக்குக்கு இவ்வளவு சிரமம் தேவையில்லை. விரிதாளில் லினெஸ்ட் என்னும் சார்பு உண்டு. நேர்கோட்டின் சாய்வையும் அதன் பிழை அளவையும் அதுவே தரும். மாக்ரோவும் வேண்டாம், கருவித்தொகுப்பும் வேண்டாம். பொத்தானை மட்டுமே பழகிய மாணவனுக்கு இது தெரியாமல் போவதில் எனக்குச் சற்று வருத்தம்தான்.

2008 மே மாதத்திலேயே மைக்ரோசாஃப்ட் மனம் மாறி, விஷுவல் பேசிக் திரும்பும் என்றது. 2010 அக்டோபரில் வெளியான 2011-ஆம் பதிப்பில் அது திரும்பியது. பழைய பதிப்பைப் பிடித்துக்கொண்டிருந்தவர்களுக்கும் கெடு வந்தது: 2011 ஜூலையில் ஆப்பிள் வெளியிட்ட இயக்க முறைமையில் ரொசெட்டா இல்லை. கருவித்தொகுப்பு மீண்டது 2015-இல் வந்த பதிப்பில்தான்.

இனி ஒரு சோதனை. விண்டோஸ் எக்செலில் ஒரு கட்டத்தில் 60 என்று இட்டு, அதைத் தேதியாகக் காட்டச் சொல்லுங்கள். 1900 பிப்ரவரி 29 என்று வரும். 1900 லீப் ஆண்டே அன்று! லோட்டஸ் 1-2-3 செய்த தவறு இது. அதன் கோப்புகளோடு ஒத்துப்போவதற்காக எக்செல் தெரிந்தே ஏற்றுக்கொண்டது. இதை மட்டும் எந்தப் பதிப்பிலும் நீக்கவில்லை.