மனைவிக்கு டேப் பரிசளிக்கப் போகிறீர்களா? வாங்கும் முன் சில செய்திகள்

பெருநாள் நெருங்கும்போதும் வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் ஊர் திரும்பும்போதும் மனைவிக்கு என்ன வாங்கிச் செல்வது என்ற கேள்வி வரும். முன்பெல்லாம் நகை, சேலை, அத்தர் என்று அதற்குப் பதில் சொன்னோம். இப்போது நம் சகோதரர்களில் பலர் டேப் வாங்குகிறார்கள். அரசு அறிவிப்புகளில் இதற்குக் கைக்கணினி என்று பெயர்; கடையில் கேட்டால் டேப்தான். பரிசளித்த வீடுகளில் மூன்று மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால், பெரும்பாலும் அது பிள்ளைகளின் கார்ட்டூன் பெட்டியாக இருக்கும், அல்லது சார்ஜ் இல்லாமல் அலமாரி மேல் கிடக்கும். யாருக்காக வாங்கினோமோ அவர் கையில் இருக்காது. எனவே எந்த நிறுவனம், என்ன விலை என்பதற்கு முன், இதை அவர் எதற்குப் பயன்படுத்தப் போகிறார், அது அவருடையதாகவே இருக்குமா என்ற இரண்டையும் பார்த்துவிடுவோம்.

காஞ்சிபுரம் மாவட்டத்துத் திருமுக்கூடலை எடுத்துக்கொள்வோம். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் ஊர். ஆற்றுக்கு அக்கரையில் பழைய சீவரம். சற்றுத் தள்ளி, ஆற்காடு நவாப் முஹம்மது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய வாலாஜாபாத். பட்டு நெசவும் சேலை வியாபாரமும் சுற்று வட்டாரமெங்கும் பரவியவை. ஒரகடம், சுங்குவார்சத்திரம் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகிறவர்களும் இப்பகுதியில் உண்டு. இப்படிப்பட்ட ஊரில் இருக்கும் ஒரு சகோதரி டேபை எதற்கெல்லாம் பயன்படுத்துவார்? வாட்ஸ்அப்பில் சேலைப் படம் அனுப்பி வியாபாரம் செய்யலாம். ஆன்லைனில் தஜ்வீத் வகுப்பில் சேரலாம். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தரலாம். வெளிநாட்டில் இருக்கும் மச்சானிடம் முகம் பார்த்துப் பேசலாம். இவற்றில் முதன்மையானது எது என்று அவரிடமே கேட்டுவிடுவது நல்லது. திடீரென்று கொடுத்து ஆச்சரியப்படுத்தும் மகிழ்ச்சி ஒரு நாளோடு போய்விடும். கருவி நான்கைந்து வருடம் வீட்டில் இருக்கும்.

சேலை வியாபாரம் என்றால் நிறம்தான் முக்கியம். அமோலெட் திரைகள் பளிச்சென்று இருக்கும். ஆனால் வாங்கியவுடன் இருக்கும் அமைப்பில் அரக்கு சிவப்பாகவும் மாம்பழ மஞ்சள் எலுமிச்சை மஞ்சளாகவும் தெரியக்கூடும். அதைப் பார்த்து ‘இதே நிறம்தான்’ என்று வாடிக்கையாளரிடம் சொன்னால் சேலை திரும்பி வரும். சாம்சங் அமோலெட் டேப்களில் திரை அமைப்புக்குள் போய் ‘நேச்சுரல்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் நிறம் உண்மைக்கு நெருங்கிவரும். சாதாரண ஐபிஎஸ் எல்சிடி திரையே இந்த வேலைக்குப் போதும். டேபின் கேமராவை நம்பி வாங்க வேண்டாம். நடுத்தர விலையுள்ள கைபேசியே அதைவிட நன்றாகப் படம் எடுக்கும். போனில் எடுத்து, டேபின் பெரிய திரையில் சரிபார்த்து அனுப்பலாம்.

ஓதுவதற்கும் வகுப்புக்கும் அளவு முக்கியம். 8.7 அங்குல சாம்சங் ஏ9 சுமார் 330 கிராம்தான். ஒரு கையில் பிடிக்கலாம். ஆனால் முஸ்ஹஃபின் ஒரு முழுப் பக்கத்தை அதில் திறந்தால் எழுத்து சிறுத்துவிடும். 11 அங்குலத்தில் பக்கம் முழுதாகத் தெளிவாகத் தெரியும். எடை 480 கிராம் அளவுக்கு வரும் என்பதால் தாங்கி ஒன்று தேவைப்படும். நம் மத்ரஸாக்களில் இந்தோ-பாக் எழுத்தில் ஓதிப் பழகியவர்கள் குர்ஆன்.காம் செயலியில் அந்த எழுத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

வகுப்பில் சேர்வோர் முன்கேமரா எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். டேபைப் படுக்கைவாட்டில் நிறுத்தும்போது கேமரா மேல்விளிம்பின் நடுவில் வர வேண்டும். பக்கவாட்டில் இருந்தால் வகுப்பு முழுவதும் உஸ்தாதா வேறெங்கோ பார்ப்பது போலவும், நம் சகோதரி வேறெங்கோ பார்ப்பது போலவும் இருக்கும். மக்ரஜ் திருத்த வாயசைவைப் பார்க்க வேண்டிய வகுப்பில் இது தொந்தரவு. ஐபேடில் 2022இல் வந்த 10ஆம் தலைமுறையிலிருந்து கேமரா சரியான இடத்துக்கு மாறியது. சாம்சங் ஏ9 பிளஸிலும் அப்படித்தான். அதே ஐபேடில் சாதாரண இயர்போன் சொருகும் துளை இல்லை, ஏ9 பிளஸில் உண்டு. வகுப்பில் கேமரா தேவையில்லாதபோது மூடிவைக்க, சில ரூபாய்க்குக் கிடைக்கும் சறுக்கு மூடி ஒன்றை ஒட்டிக்கொடுங்கள்.

ரேம் 4 ஜிபிக்குக் குறையக் கூடாது. 6 அல்லது 8 இருந்தால் நிம்மதி. சேமிப்பிடம் 128 ஜிபி. ஆண்ட்ராய்டு டேப்கள் பலவற்றில் மெமரி கார்டு போடலாம், ஐபேடில் முடியாது.

‘மூவாயிரத்துக்கே டேப் கிடைக்கிறதே’ என்று கேட்பவர்களுக்கு ஆகாஷ் கதையை நினைவூட்டலாம். 2011 அக்டோபர் 5 அன்று புதுடெல்லியில் மத்திய அரசு வெளியிட்ட, மாணவர்களுக்கான மலிவு டேப் அது. 7 அங்குலத் திரை, 366 மெகாஹெர்ட்ஸ் செயலி, 256 எம்பி ரேம். விரலை அழுத்தித் தேய்த்தால்தான் வேலை செய்யும் தொடுதிரை. நோக்கம் உயர்ந்ததுதான். ஆனால் பயன்படுத்தியவர்கள் சலித்துப்போனார்கள், மறு ஆண்டே வேறு திரையும் வேகமான செயலியும் கொண்ட ஆகாஷ் 2 வந்தது. இன்று பெயர் தெரியாத நிறுவனங்களின் மலிவு டேப்களும் பெட்டியில் பெரிய எண்களை அச்சடித்துவிட்டு உள்ளே இதே கதையாகத்தான் இருக்கின்றன. கடையிலேயே பிளே ஸ்டோர் அமைப்புகளைத் திறந்து ‘பிளே புரொடெக்ட்’ சான்று உண்டா என்று பாருங்கள். பெட்டியிலோ கருவியின் பின்புறமோ இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு எண் ‘ஆர்’ என்ற எழுத்தோடு இருக்கும். அதை ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் போட்டால் யார் தயாரித்தது என்று தெரிந்துவிடும்.

வளைகுடாவிலிருந்து வாங்கி வருவோர் இன்னும் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். அங்குள்ள கடைகளில் ஹுவாவே டேப்கள் அழகாக, விலை குறைவாக அடுக்கியிருக்கும். 2019இல் அமெரிக்கா விதித்த தடைக்குப் பிறகு வந்த ஹுவாவே கருவிகளில் கூகுள் சேவைகள் இல்லை. பிளே ஸ்டோரோ யூடியூப் செயலியோ இல்லாத டேபை ஊரில் இருக்கும் சகோதரி வைத்துக்கொண்டு என்ன செய்வார்? ஐக்கிய அரபு அமீரகத்தில் விற்கப்படும் ஆப்பிள் கருவிகள் ஃபேஸ்டைம் இல்லாமல் வந்திருக்கின்றன. அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்பும் கிடைப்பதில்லை என்பதால், அங்கிருந்து பேசும் கணவர்கள் போட்டிம் போன்ற செயலிகளை நாடுகிறார்கள். எந்தச் செயலியில் பேசப்போகிறீர்களோ அது அந்த டேபில் ஓடுமா என்று கடையிலேயே போட்டுப் பாருங்கள். சார்ஜரின் மூன்று சதுர முனைகள் நம் ஊர் பிளக்கில் நுழையாது. வாரண்டி இந்தியாவில் செல்லுமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சுங்க வரி விலக்கின் வரம்பு மாறிக்கொண்டே இருப்பது. பயணத்துக்கு முன் அன்றைய விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பணம். ‘நோ காஸ்ட் இஎம்ஐ, வட்டியே இல்லை பாய்’ என்று கடைக்காரர் சொல்வார். இதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது, வட்டி வேறு பெயரில் மறைக்கப்படுகிறது என்று 2013 செப்டம்பரில் ரிசர்வ் வங்கியே சுற்றறிக்கையில் வங்கிகளை எச்சரித்தது. நடப்பது இதுதான்: 24,000 ரூபாய் டேபை மாதம் 4,000 வீதம் 6 மாதத் தவணையில் வாங்குகிறீர்கள். வங்கியின் வட்டி ஆண்டுக்கு 15% என்றால், வங்கியின் கணக்கில் கடன் தொகை சுமார் 22,984 ரூபாய், வட்டி சுமார் 1,016 ரூபாய். அந்த வட்டி அளவுக்குக் கடைக்காரரோ நிறுவனமோ விலையில் தள்ளுபடி தருகிறார்கள். ஆகவே உங்கள் கையிலிருந்து போவது 24,000 மட்டும் என்று தோன்றும். ஆனால் வட்டி மீது 18% ஜிஎஸ்டி, அதாவது சுமார் 183 ரூபாய், உங்கள் கார்டில் ஏறும். செயலாக்கக் கட்டணமும் அதற்கு வரியும் தனி. கார்டு அறிக்கையில் ‘வட்டி’ என்ற சொல்லே அச்சாகி வரும். ஒரு தவணை தவறினால் அபராதமும் உண்மையான வட்டியும் சேரும். எனவே ‘வட்டியில்லை’ என்ற விளம்பர வாசகத்தை வைத்து முடிவெடுக்காமல், இந்தக் கணக்கை உங்கள் ஊர் ஆலிமிடம் காட்டிக் கேளுங்கள். இரண்டு மூன்று மாதம் சேர்த்து ரொக்கமாக வாங்கினால் இந்தக் குழப்பமே இல்லை. வட்டியில்லாக் கடன் தரும் பைத்துல்மால் சில மஹல்லாக்களில் உண்டு. மருத்துவச் செலவுக்கும் கல்விக்கும் வருகிறவர்கள் நிற்கும் வரிசையில் டேபுக்காகப் போய் நிற்பது நமக்குச் சரியாகப் படவில்லை.

இனி, நாம் முதலில் சொன்ன விஷயத்துக்கு வருவோம். கணவர் மனைவிக்குக் கொடுத்து அவர் கையில் சேர்ந்த அன்பளிப்பு அவருடைய உடைமை. மார்க்கச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது. நடைமுறையில் பல கணவர்கள் டேபைத் திறந்ததும் தங்கள் கூகுள் கணக்கைப் போட்டுவிடுகிறார்கள். ‘அவளுக்கு இதெல்லாம் தெரியாது’ என்பது காரணம். விளைவைப் பாருங்கள். வீட்டுக்குள், திருமண வீட்டில், பெண்கள் மட்டும் இருக்கும்போது எடுத்த படங்கள் தானாகவே அந்தக் கணக்குக்கு ஏறும். அதே கணக்கு திறந்திருக்கும் கணவரின் போனில், துபையில் ஆறு பேர் தங்கும் அறையில், அவை தெரியும். மனைவியின் உம்மாவும் தங்கைகளும் கொழுந்தியாக்களும் அந்தப் படங்களில் இருப்பார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்ததல்ல, ஆனாலும் பாதுகாக்க வேண்டிய ஒன்று கைநழுவிவிடுகிறது.

ஆகவே கணக்கு மனைவியின் பெயரில், மீட்பு எண் மனைவியின் எண், கடவுச்சொல் மனைவி வைப்பது. உடன் உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள். அரை மணி நேரம் ஆகும். வாட்ஸ்அப்பை மனைவியின் போனோடு இணைத்துக்கொள்ளலாம், இதற்கு டேபில் சிம் வேண்டாம். ஐபேடுக்கும் 2025 மே மாதம் வாட்ஸ்அப் தனிச் செயலி வந்துவிட்டது. வீட்டில் வைஃபை இருந்தாலோ போனிலிருந்து ஹாட்ஸ்பாட் கொடுக்க முடிந்தாலோ சிம் போடும் மாடலுக்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை.

தமிழில் எழுதும் சகோதரிகளுக்கு விசைப்பலகையையும் அமைத்துக்கொடுங்கள். ஐபேடில் தமிழ்99, அஞ்சல் இரண்டும் உள்ளேயே இருக்கின்றன. ஆண்ட்ராய்டில் ஜிபோர்டு அல்லது செல்லினம் போதும்.

பிள்ளைகள் கேட்கத்தான் செய்வார்கள். சாம்சங் டேப்களில் பிள்ளைகளுக்கென்று தனிப் பயனர் பக்கம் திறக்கலாம். அதில் நுழைந்தால் உம்மாவின் படங்களோ வாட்ஸ்அப்போ தெரியாது. வீட்டில் பயன்படுத்தும் ஐபேடில் இந்த வசதி இல்லை. ‘கைடட் அக்சஸ்’ மூலம் ஒரே செயலிக்குள் பிள்ளையை நிறுத்திவைக்கலாம், அவ்வளவுதான். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு ஆண்ட்ராய்டே பொருத்தம் என்று நாம் சொல்வது இதனால்தான், விலையை மட்டும் பார்த்து அல்ல. 1 வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரையே கூடாது, 2 முதல் 4 வயது வரை ஒரு நாளில் 1 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார அமைப்பு 2019இல் சொல்லியிருக்கிறது.

ஒருவேளை உங்கள் மனைவி அரசு தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருந்தால், முதலில் பள்ளியில் கொடுத்தது இருக்கிறதா என்று கேளுங்கள். தமிழக அரசு 2024இல் தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்கள் சுமார் 80,000 பேருக்குக் கைக்கணினி வழங்கியது. அது அலுவலகப் பொருள், சொந்தப் படங்களுக்கானது அல்ல என்பது வேறு விஷயம்.

வாங்கும் நாளில், பெட்டியைக் கடைக்காரர் முன்னிலையில் பிரியுங்கள். ஆன்லைனில் வந்தால் பிரிப்பதைக் காணொளியாக எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். ரசீது மனைவி பெயரில், ஜிஎஸ்டி எண்ணோடும் கருவியின் வரிசை எண்ணோடும் இருக்கட்டும். சிம் மாடல் என்றால் ஐஎம்இஐ எண்ணை ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் சரிபார்க்கலாம்; பழைய டேப் வாங்குவோர் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும், முந்தைய உரிமையாளரின் கணக்கு நீக்கப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சேவை மையம் காஞ்சிபுரத்திலோ செங்கல்பட்டிலோ இருக்கிறதா, சென்னைக்குத்தான் போக வேண்டுமா என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள். பழுதுபார்க்கக் கொடுக்கும்போது படங்களை வேறிடத்தில் சேமித்து, டேபை முழுதாக அழித்துக் கொடுங்கள். கடையோ நிறுவனமோ வாரண்டியை மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலேயே பேசலாம்.