கஸக் புல்வெளியின் சாட்சியம்

பனிப்போரைப் பற்றிய நூல்களில் மாஸ்கோவும் வாஷிங்டனும் பெறும் இடத்தை ஸெமிபலாத்தின்ஸ்க் பெறுவதில்லை. கஸகஸ்தானின் கிழக்கே, இன்று ஸெமெய் என அழைக்கப்படும் அந்நகரம், ஒரு காலத்தில் பள்ளிவாசல்களாலும் மத்ரஸாக்களாலும் சிறப்புற்றிருந்தது. கஸக் மொழியின் பெருங்கவிஞர் அபாய் (1845-1904) இளமையில் கல்வி பயின்றது அங்கிருந்த இமாம் அஹ்மத் ரிஸாவின் மத்ரஸாவில்தான். அந்நகருக்கு மேற்கேயுள்ள புல்வெளியில் 1949 ஆகஸ்ட் 29 அன்று சோவியத் ஒன்றியம் தனது முதல் அணுகுண்டை வெடித்தது. மீண்டும் ஒரு பனிப்போர் மூளுமோ என உலகம் அஞ்சும் இந்நாளில், அந்தப் புல்வெளியின் வரலாற்றை நாம் அறிந்திருத்தல் அவசியமாகும்.

சுமார் 18,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்தச் சோதனைக்களத்தில் 1989 வரை 456 சோதனைகள் நடத்தப்பட்டன. அவற்றுள் 116 திறந்தவெளியில் நிகழ்ந்தவை. சுற்றிலும் ஆடு, குதிரை மேய்த்து வாழ்ந்த கஸக் மக்களின் இசைவை எவரும் கேட்கவில்லை. 1957இல் அங்கே 'நான்காம் எண் மருந்தகம்' திறக்கப்பட்டது. கால்நடைகளிலிருந்து தொற்றும் காய்ச்சலைத் தடுப்பதற்கென்று வெளியே சொல்லப்பட்ட அந்நிலையம், உண்மையில் கதிர்வீச்சு மக்களின் உடலில் விளைவித்தவற்றை இரகசியமாகப் பதிவு செய்தது. மக்கள் பரிசோதிக்கப்பட்டனர்; ஆனால் உண்மை அவர்களுக்குச் சொல்லப்படவில்லை.

அதே 1957 ஆகஸ்ட் 21 அன்று, கஸகஸ்தானின் தியூராத்தாமிலிருந்து ஆர்-7 ஏவுகணை புறப்பட்டு, ஏறத்தாழ 6,000 கிலோமீட்டர் கடந்து கம்சாத்கா தீபகற்பத்தை அடைந்தது. கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைகளில் வெற்றிகண்ட முதலாவது இதுவே. விமானம் பல மணி நேரத்தில் சுமந்து செல்லும் அழிவை ஏவுகணை அரை மணி நேரத்தில் கொண்டு சேர்க்கும். எச்சரிக்கை உண்மையா, பொய்யா எனச் சிந்திக்கும் அவகாசம் சில நிமிடங்களாகச் சுருங்கியது. பனிப்போர்க்கால அச்சத்தின் உயிர்நிலை இதுதான்.

அச்சம் தணிந்த காலமும் இம்மண்ணிலேயே தொடங்கியது எனலாம். 1987இல் ரீகனும் கொர்பச்சேவும் செய்துகொண்ட ஒப்பந்தம், 500 முதல் 5,500 கிலோமீட்டர் வரை பாயும் தரைவழி ஏவுகணைகளைத் தடைசெய்தது. அதன்படி 2,692 ஏவுகணைகள் அழிக்கப்பட்டன. அப்பணியின் களங்களுள் ஒன்று கஸகஸ்தானின் ஸரியோஸெக். 1989 பிப்ரவரியில் நிலத்தடிச் சோதனையொன்றிலிருந்து கதிரியக்க வாயு கசிந்தபோது, கவிஞர் ஒல்ஜாஸ் சுலைமேனோவ் தொலைக்காட்சியில் தோன்றி மக்களை அழைத்தார். 'நெவாடா - ஸெமிபலாத்தின்ஸ்க்' என்னும் மக்கள் இயக்கம் பிறந்தது. முதல் குண்டு வெடித்ததன் 42ஆம் ஆண்டு நிறைவான 1991 ஆகஸ்ட் 29 அன்று சோதனைக்களம் மூடப்பட்டது. சோவியத் ஒன்றியம் சிதறியபின் கஸகஸ்தானில் எஞ்சிய 1,410 அணு ஆயுதங்களும் 1995க்குள் ரஷ்யாவுக்கு அனுப்பப்பட்டன. 2006இல் மத்திய ஆசியாவின் ஐந்து நாடுகளும் அதே ஸெமிபலாத்தின்ஸ்கில் கூடி, தம் நிலப்பகுதியை அணுவாயுதமற்ற மண்டலமாக்கும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன.

ஆனால் வல்லரசுகள் எழுப்பிய தடுப்புச் சுவர்கள் ஒவ்வொன்றாகச் சரிந்துள்ளன. ஏவுகணை எதிர்ப்பு ஒப்பந்தத்திலிருந்து 2002இல் அமெரிக்கா வெளியேறியது. 1987ஆம் ஆண்டு ஒப்பந்தம் 2019இல் முடிவுற்றது. இரு நாடுகளின் நெடுந்தூர அணுவாயுதங்களுக்கு 1,550 என வரம்பிட்ட ஒப்பந்தத்தை 2023இல் ரஷ்யா நிறுத்தி வைத்தது. அதற்கு விதிக்கப்பட்டிருந்த காலமோ 2026 பிப்ரவரி 5 வரைதான். 2024 நவம்பர் 21 அன்று உக்ரைனின் நீப்ரோ நகர்மீது ரஷ்யா ஏவிய 'ஒரேஷ்னிக்', முன்பு தடைசெய்யப்பட்டிருந்த தொலைவினத்தைச் சார்ந்ததே.

அணுவாயுதத்தைத் துறந்தமையால்தான் உக்ரைன் தாக்கப்பட்டது, கஸக்குகளும் ஏமாந்தவர்களே என்று வாதிடுவோர் உளர். 1994இல் அவ்விரு நாடுகளுக்கும் அளிக்கப்பட்ட பாதுகாப்பு உறுதிமொழி உக்ரைன் விஷயத்தில் மீறப்பட்டது உண்மையே. அவ்வாதத்தை நாம் எளிதில் தள்ளிவிட இயலாது. எனினும், கஸக் மண்ணிலிருந்த ஏவுகணைகளை ஏவும் அதிகாரம் மாஸ்கோவிடமே இருந்தது. கஸக்குகளின் பங்காக இருந்தவை நோயும் நஞ்சேறிய நிலமுமே. அவர்கள் துறந்தது தம்மைக் காத்த கேடயத்தையன்று. தம் பிள்ளைகள்மீது விழுந்த சுமையை. வாக்கை மீறியவன் குற்றத்தை, வாக்கை நம்பியவன்மீது சுமத்துதல் நீதியாகாது.

புதிய ஏவுகணைகளின் வேகத்தையும் தொலைவையும் வியந்து படிக்கும்போது, அவற்றைச் சோதிக்கவும் ஒரு நிலம் வேண்டும், அந்நிலத்திலும் மனிதர் வாழ்வர் என்பதை நாம் மறவாதிருப்போமாக.