நீலகிரியின் சோலையும் புல்வெளியும்

நீலகிரி மேட்டுநிலத்தில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீட்டருக்கு மேல், குன்றுகளின் மடிப்புகளில் 'சோலை' எனப்படும் குறுமரப் பசுமைக்காடும், அவற்றின் திறந்த சரிவுகளில் மரமற்ற புல்வெளியும் கூர்மையான எல்லையுடன் அடுத்தடுத்து அமைந்துள்ளன. ஆழ்ந்த மண்ணும் ஓயாத நீர்க்கசிவும் உள்ள மடிப்புகளில் நாவல் இனங்களும் காட்டுச் செண்பகமும் நெருங்கி வளர, அவற்றின் நிழலில் பாசியும் பெரணியும் தழைக்கின்றன. நீர் தேங்கும் பள்ளத்தாக்கின் அடியிலோ மரம் நிலைக்காமல் கோரையினங்கள் நிறைந்த சதுப்பு உருவாகிறது.

தோதவப் பழங்குடியினரின் எருமைகள் தலைமுறை தலைமுறையாக மேய்ந்துவந்த இந்நிலத்திற்கு 1819-இல் கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் வந்த பின், உதகையில் குடியேற்றம் பெருகி, விறகுக்காகச் சோலைகள் வெட்டப்பட்டன. அதனால் எழுந்த விறகுப் பற்றாக்குறையை ஈடுசெய்ய 19-ஆம் நூற்றாண்டிலேயே ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சீகை எனப்படும் வாட்டிலும், கற்பூர மரம் எனப்படும் யூகலிப்டஸும் நடப்பட்டன. 20-ஆம் நூற்றாண்டில் தோல் பதனிடப் பட்டையும் ரேயான் ஆலைகளுக்கு மரக்கூழும் தேவைப்பட்டபோது, பயனற்ற வெற்றிடமாகக் கருதப்பட்ட புல்வெளிகள் பெருந்தோட்டங்களாக மாறின.

புல்வெளி உண்மையில் அழிந்த காட்டின் எச்சம்தானா என்ற வினா வனவியலாளரிடையே நெடுங்காலம் விவாதிக்கப்பட்டது. தீயும் மேய்ச்சலுமே மரங்களை விலக்கின என்று சிலர் கருத, சி. ஆர். ரங்கநாதன் 1938-இல் உறைபனியை முதற்காரணமாக முன்வைத்தார். மேகமற்ற குளிர்கால இரவுகளில் திறந்த நிலம் வெப்பத்தை விரைவாக இழப்பதால் அங்கு முளைக்கும் சோலைமரக் கன்றுகள் கருகுகின்றன. வளர்முனை மண்ணையொட்டி அமைந்த புற்களோ மீண்டும் துளிர்க்கின்றன. சோலைக்குள் இலைக்கூரை வெப்பத்தைத் தடுத்து வைத்துக் கன்றுகளைக் காக்கிறது.

புல்வெளியின் தொன்மைக்குச் சதுப்பே சான்றளித்தது. அங்கு மட்கிப் படிந்த கரிமப்பொருளில் உள்ள கார்பனின் இருவகை ஐசோடோப்புகளின் விகிதம், வெப்பமண்டலப் புற்களுக்கும் மரங்களுக்கும் வேறுபடும். அதை அளந்த ஆர். சுகுமாரும் குழுவினரும் 1993-இல் வெளியிட்ட ஆய்வின்படி, சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பு, பனியூழியின் வறண்ட உச்சகட்டத்தில் புற்களே மேலோங்கியிருந்தன. பின்னர் ஈரம் கூடிக் குறைந்ததற்கேற்ப இருவகைத் தாவரங்களின் பங்கும் மாறியது. ஆகவே, மனிதர் காட்டை அழித்ததால் மட்டுமே இப்புல்வெளி தோன்றியது என்ற கருத்து நிலைக்காமற்போயிற்று.

ஆயினும், புல்வெளியை மீட்க அந்நிய மரத் தோட்டங்களை அகற்றுவதால் மட்டும் பழைய நிலை திரும்பிவிடுவதில்லை. சீகையின் விதைகள் மண்ணில் பல்லாண்டுகள் உயிர்ப்புடன் கிடந்து, வெட்டிய இடத்திலேயே மீண்டும் முளைக்கின்றன. மறுபுறம், சோலையை அடுத்த சில சீகைத் தோட்டங்களில், உறைபனியைத் தடுக்கும் அந்நிய மரத்தின் நிழலிலேயே சோலைமரக் கன்றுகள் வேரூன்றியும் உள்ளன. அதனால் எந்தச் சரிவில் மரத்தை நீக்கிப் புல்லை மீட்பது, எந்த மடிப்பில் நிழலை விட்டுவைத்துச் சோலையை வளரவிடுவது என்பதை, ஒவ்வோர் இடத்தின் மண்ணையும் ஈரத்தையும் பனியையும் அறிந்தே முடிவுசெய்ய வேண்டியுள்ளது.