மயாமியும் ஆப்பிரிக்க நத்தையும்

ஆப்பிரிக்க ராட்சத நத்தையின் தாயகம் கிழக்கு ஆப்பிரிக்கக் கடலோரம். அங்கிருந்து அது தானாக எந்தக் கடலையும் கடக்கவில்லை. இன்று வெப்பமண்டல நாடுகள் பலவற்றில் தோட்டங்களை மொய்க்கும் இந்த உயிரினத்தை அங்கெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் மனிதர்கள்தான். பின்னர் சில ஊர்களில் அதைத் தேடிப் பிடித்து ஒழித்தவர்களும் ஒழிக்கத் துணைநின்றவர்களும் அந்த ஊர்களில் குடியிருந்த சாதாரண மக்களே.

முழு வளர்ச்சி பெற்ற நத்தை 20 சென்டிமீட்டர் நீளம் வரை இருக்கும். பழுப்பு நிறத்தில் கோடுகள் ஓடும் கூம்பு போன்ற ஓடு அதன் அடையாளம். 500க்கும் மேற்பட்ட தாவர வகைகளை அது தின்னும். ஒவ்வொரு நத்தைக்கும் ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் உண்டு. ஒருமுறை இணைசேர்ந்தபின் பெற்ற விந்தை உடலில் சேமித்துவைத்துப் பல மாதங்கள் முட்டையிடும். ஆகவே ஒரு தோட்டத்தில் தப்பி நின்ற ஒற்றை நத்தைகூடப் புதிய கூட்டம் ஒன்றின் தொடக்கமாகிவிடும். முட்டைகள் வெளிர்மஞ்சள் நிறத்தில், பட்டாணியைவிடச் சற்றுச் சிறியவையாக, ஈர மண்ணுக்கடியில் நூற்றுக்கணக்கில் குவிந்து கிடக்கும். ஆண்டுக்கு 1,200 முட்டைகள் வரை இடக்கூடியது. வறட்சி வந்தால் ஓட்டின் வாயை மெல்லிய சவ்வால் அடைத்துக்கொண்டு மண்ணுக்குள் மாதக்கணக்கில் அசையாமல் கிடக்கும். மழை பெய்ததும் வெளியே வரும்.

நகரத்தில் அதன் தொல்லை செடிகொடியோடு நிற்பதில்லை. ஓடு வளரச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். அதற்காக வீட்டுச் சுவரின் மேற்பூச்சையே சுரண்டித் தின்னும். இதைவிடக் கவலை தருவது எலி நுரையீரல் புழு என்னும் ஒட்டுண்ணி. இந்தப் புழு எலியின் உடலில் முதிர்ந்து, நத்தையின் உடலில் இளநிலையில் வளர்கிறது. நத்தையைச் சரியாக வேகவைக்காமல் உண்பவருக்கும், அது ஊர்ந்த கீரையைக் கழுவாமல் தின்பவருக்கும் மூளையுறை அழற்சி வரலாம். வெறுங்கையால் தொடக் கூடாது என்று அதிகாரிகள் முதலில் சொல்வது இதனால்தான்.

இந்தியாவுக்கு இந்த நத்தை வந்தது 1847இல். கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காள நிர்வாகத்தில் பணியாற்றியவரும் நத்தை, சிப்பி ஆராய்ச்சியில் பேரார்வம் கொண்டவருமான வில்லியம் பென்சன் மொரீஷியஸிலிருந்து சில நத்தைகளைக் கொண்டுவந்தார். கல்கத்தாவின் சௌரங்கித் தோட்டம் ஒன்றில் அவை விடப்பட்டன. பெருகும் என்ற எண்ணம் அப்போது யாருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை. அரிய ஓடு ஒன்றை வைத்திருக்கும் மகிழ்ச்சியே பெரிதாக இருந்தது. 1900இல் அது இலங்கைக்குப் போனது. அடுத்த சில பத்தாண்டுகளில் மலாயா, சிங்கப்பூர், தைவான் என்று கிழக்கே நகர்ந்தது. சில இடங்களுக்கு உணவாகவும், சில இடங்களுக்கு மருந்தாகவும், மற்ற இடங்களுக்குச் செடிகளோடும் மண்ணோடும் யாரும் அறியாமலும் போனது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஜப்பானியப் படைகள் பசிபிக் தீவுகள் பலவற்றுக்கு அதை உணவுக்காகக் கொண்டுசென்றன. ஹவாயில் அது 1936லேயே நுழைந்திருந்தது.

ஹவாயில் நடந்ததை இங்கே சொல்லியாக வேண்டும். மக்கள் செய்திருக்க வேண்டிய வேலையை வேறோர் உயிரினத்திடம் ஒப்படைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடக் கொடிய சான்று குறைவு. மற்ற நத்தைகளை வேட்டையாடித் தின்னும் ஒரு நத்தை இனம் புளோரிடாவிலிருந்து 1955இல் அங்கே கொண்டுவந்து விடப்பட்டது. அது ராட்சத நத்தையை ஒழிக்கவில்லை. மலைக்காட்டு மரங்களில் வாழ்ந்த, ஹவாய்க்கே உரிய சின்னஞ்சிறு நத்தைகளைத் துரத்தித் தின்றது. அதே தவறு 1977இல் பிரெஞ்சு பாலினீசியாவின் மூரேயா தீவில் மீண்டும் செய்யப்பட்டது. பத்தாண்டுக்குள் அத்தீவின் பார்ட்டுலா நத்தை இனங்கள் காட்டிலிருந்து ஏறத்தாழ முற்றிலும் மறைந்தன. ஆய்வாளர்கள் முன்கூட்டியே எடுத்துச்சென்ற சில, விலங்குக் காட்சியகங்களின் கண்ணாடிப் பெட்டிகளில் உயிர் பிழைத்தன.

புளோரிடாவின் கதை 1966இல் தொடங்குகிறது. ஹவாய் சென்று திரும்பிய சிறுவன் ஒருவன் மூன்று நத்தைகளை மயாமிக்குக் கொண்டுவந்தான். அவனுடைய பாட்டி அவற்றைத் தோட்டத்தில் விட்டுவிட்டார். வடக்கு மயாமியில் அவை பெருகியிருப்பது 1969இல் கவனத்துக்கு வந்தது. அதன்பின் பணியாளர்கள் தோட்டம் தோட்டமாகப் போய்க் கையால் பொறுக்கினார்கள், நச்சு இரை தூவினார்கள். 18,000க்கும் மேற்பட்ட நத்தைகள் கிடைத்தன. 1975இல் புளோரிடா அவற்றிலிருந்து விடுபட்டது. செலவு சுமார் 10 லட்சம் டாலர். உலகில் பரவலாக வேரூன்றிய பிறகு ஒழிக்க முடியாது என்று பெயர்பெற்ற உயிரினம் அது. அதை ஒரு பெருநகரம் ஒழித்துக்காட்டியதை விவசாயத் துறையினர் நெடுநாள் நினைவில் வைத்திருந்தார்கள்.

ஆஸ்திரேலியாவில் இன்னும் விரைவாக முடிந்தது. குயின்ஸ்லாந்தின் கெய்ர்ன்ஸ் நகருக்கு அருகிலுள்ள கார்டன்வேல் என்ற சிற்றூரில் 1977இல் இந்த நத்தை கண்டுபிடிக்கப்பட்டது. ஊர் மக்களுக்கு அறிவிப்புகள் செய்து, ஏறத்தாழ 300 நத்தைகளைப் பிடித்து, எட்டு மாதத்தில் கதையை முடித்தார்கள். 300க்கும் 18,000க்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் எத்தனை சீக்கிரம் கண்ணில் பட்டது என்பதைப் பொறுத்ததே.

மயாமியில் இரண்டாம் முறை நத்தை தலைகாட்டியது 2011 செப்டம்பரில், கோரல் கேபிள்ஸ் பகுதியை ஒட்டி. வீட்டுத் தோட்டத்தில் அதைக் கண்டவர்கள் மாநில விவசாயத் துறைக்குத் தெரிவித்தார்கள். தேடத் தொடங்கியதும் அது ஒரே இடத்துக் கூட்டம் அல்ல, நகரின் வெவ்வேறு மூலைகளில் பல கூட்டங்கள் என்பது தெரிந்தது. பிடிபட்டவற்றுள் சிலவற்றில் எலி நுரையீரல் புழுவும் இருந்தது.

இத்தகைய தேடலில் அரசுக்குள்ள சிக்கலை எளிதாகப் புரிந்துகொள்ளலாம். காட்டிலோ வயலிலோ பணியாளர் தாமே இறங்கித் தேடலாம். நகரத்தில் நத்தை இருப்பது தனியார் வேலிகளுக்குப் பின்னால்: கொல்லைப்புறத்து இலைக்குப்பைக்கு அடியில், பூந்தொட்டியின் பின்புறத்தில், வெகுநாள் பூட்டிக்கிடக்கும் வீட்டின் புதரில். பகலில் ஒளிந்திருந்து இரவில்தான் அது ஊரும். இரவு பத்து மணிக்கு ஒருவருடைய கொல்லையில் விளக்கோடு நிற்கக்கூடியவர் அந்த வீட்டுக்காரர் மட்டுமே. அவர் பார்த்ததைச் சொல்லாவிட்டால், எத்தனை ஆய்வாளர்கள் இருந்தாலும் பயனில்லை. மயாமித் திட்டம் வென்றதற்கு முதன்மைக் காரணம் இதைத் தொடக்கத்திலேயே உணர்ந்ததுதான்.

எனவே துறையினர் தொலைபேசி உதவி எண் ஒன்றை அறிவித்து, ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் விளம்பரம் செய்தார்கள். நத்தையின் படம் ஊரெங்கும் காட்டப்பட்டது. கண்டால் தொடாதீர்கள், வேறெங்கும் கொண்டுபோய்ப் போடாதீர்கள், உடனே அழையுங்கள் என்பதே செய்தி. அழைப்பு வந்த வீட்டுக்குப் பணியாளர்கள் கையுறையோடு போய்ப் பொறுக்கினார்கள். அக்கம்பக்கத்து வீடுகளிலும் கதவைத் தட்டி அனுமதி கேட்டுத் தேடினார்கள். புதிய கூட்டங்கள் பல இப்படிப்பட்ட அழைப்புகளால்தான் வெளிச்சத்துக்கு வந்தன. அழைத்தவர்கள் காட்டியது வேறு நத்தையாக இருந்த வேளைகளும் உண்டு. ஆனால் தவறான நூறு அழைப்புகளுக்குப் பதில் சொல்வது, சரியான ஓர் அழைப்பை இழப்பதைவிடச் சிக்கனமானது.

நச்சு இரையைப் பொறுத்தவரை முதலில் தீங்கு குறைந்த இரும்பு பாஸ்பேட் பயன்படுத்தினார்கள். அது போதவில்லை. பின்னர் குடியிருப்புகளில் மெட்டால்டிஹைடு என்னும் கடுமையான நத்தைக்கொல்லியைப் பயன்படுத்தச் சிறப்பு அனுமதி பெறப்பட்டது. நத்தைகள் வேகமாகக் குறைந்தது அதன்பிறகுதான். நாயும் குழந்தையும் நடமாடும் கொல்லையில் இத்தகைய மருந்தைத் தூவ வீட்டார் இசைந்தது சிறிய விஷயமல்ல. அந்த இசைவு, வாசலில் நின்று பொறுமையாக விளக்கிய பணியாளர்களால் கிடைத்தது.

எண்ணிக்கை குறையக் குறையக் கண்ணால் தேடுவது கடினமாகிறது. இந்தக் கட்டத்தில் உதவியவை மோப்பப் பயிற்சி பெற்ற லாப்ரடார் நாய்கள். புதருக்கடியிலோ மண்ணுக்குள்ளோ நத்தையின் வாடை கிடைத்ததும் நாய் அந்த இடத்தில் அசையாமல் உட்கார்ந்துவிடும். பயிற்சியாளர் தோண்டிப் பார்ப்பார். உயிருள்ள கடைசி நத்தை 2017இல் கிடைத்தது. அதோடு நின்றுவிடவில்லை. மண்ணுக்குள் நெடுநாள் முடங்கிக் கிடக்கும் உயிரினம் என்பதால், ஒன்றும் கிடைக்காத ஆண்டுகளிலும் தேடல் தொடர்ந்தது. 2021 அக்டோபரில் ஒழிப்பு அறிவிக்கப்பட்டபோது பத்தாண்டுகள் கழிந்து, 1,68,000க்கும் மேற்பட்ட நத்தைகள் பிடிபட்டிருந்தன. 1975இல் முடிந்த முதல் திட்டத்தில் கிடைத்ததைப்போல் இது ஒன்பது மடங்குக்கும் மேல்.

வெற்றி நிலைத்திருக்கக் காவல் தேவை என்பது விரைவிலேயே மெய்யானது. 2022 ஜூனில் மாநிலத்தின் மேற்குக் கரையிலுள்ள பாஸ்கோ மாவட்டத்தில் மீண்டும் நத்தை தென்பட்டது. அதை அடையாளம் கண்டு சொன்னவர் பயிற்சி பெற்ற ஒரு தன்னார்வத் தோட்டக்காரர். சில நாட்களில் அப்பகுதியில் தடுப்புக் கட்டுப்பாடு வந்தது. நத்தையையோ, மண்ணையோ, செடிகளையோ அனுமதியின்றி வெளியே எடுத்துச்செல்வது தடைசெய்யப்பட்டது. அங்குள்ள நத்தைகளின் சதை வெண்மையாக இருந்தது. செல்லப்பிராணியாக வளர்ப்பவர்கள் விரும்பும் வகை அது. அமெரிக்காவில் இந்த நத்தையை அனுமதியின்றி வைத்திருப்பதே சட்டவிரோதம். இருந்தும் யாரோ ஒருவர் ஆசையாக வளர்த்துக் கைவிட்டவையாக இருக்கக்கூடிய இவை, 1966இல் நடந்ததைப்போலவே, ஒரு மாவட்டத்துக்கு வேலை வைத்துவிட்டன. 2023இல் மயாமிக்கு வடக்கே மிராமர் நகரிலும் தடுப்புக் கட்டுப்பாடு அறிவிக்கப்பட்டது.

முழுவதும் ஒழிக்கும் கட்டம் கடந்துவிட்ட ஊர்களில் மக்கள் பங்கு வேறு வடிவம் எடுக்கிறது. கேரளம் அத்தகைய இடம். அங்கே இலக்கு ஒழிப்பு அல்ல, எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைத்திருப்பது. மழைக்காலத்தில் நனைத்த சாக்கைத் தரையில் விரித்து, அதனுள் முட்டைக்கோஸ் இலையோ பப்பாளி இலையோ போட்டு மாலையில் வைத்துவிடுகிறார்கள். வாடைக்கு வரும் நத்தைகள் விடியும்போது சாக்கில் ஒட்டிக்கிடக்கும். கையுறை அணிந்து அவற்றை எடுத்து உப்புக் கரைசலில் போட்டுக் கொன்று, பிறகு புதைக்கிறார்கள். புகையிலைக் கஷாயமும் மயில்துத்தக் கரைசலும் கலந்து தெளிப்பது இன்னொரு வழி: 25 கிராம் புகையிலையை ஒன்றரை லிட்டர் நீரில் போட்டு ஒரு லிட்டராகும்வரை காய்ச்சி வடிகட்டி, 60 கிராம் மயில்துத்தத்தை ஒரு லிட்டர் நீரில் கரைத்துச் சேர்க்க வேண்டும். ஒரே வீட்டார் மட்டும் இதைச் செய்தால் பக்கத்து மதிலிலிருந்து நத்தை மறுநாளே திரும்பிவிடும். அதனால் குடியிருப்போர் ஒன்றுகூடித் தெருவிலுள்ள எல்லாத் தோட்டங்களிலும் ஒரே நாளில் சாக்கு வைக்கிறபோதுதான் பலன் கிடைக்கிறது.