கல்லூரி ஆசிரியருக்குப் பயிற்சி தந்தவர் யார்?

ஐந்தாம் வகுப்பில் உங்களுக்குக் கணக்குச் சொல்லித் தந்த ஆசிரியரை நினைத்துக் கொள்ளுங்கள். அவர் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் படித்துத் தேறியவர். பத்தாம் வகுப்பில் அறிவியல் நடத்தியவர் பி.எட். பட்டம் பெற்றவர். அந்தப் பட்டத்துக்காக அவர் ஒரு பள்ளியில் வாரக்கணக்கில் பாடம் நடத்திக் காட்டினார். கடைசி வரிசையில் குறிப்பேடும் கையுமாக உட்கார்ந்திருந்தவரிடம் குறை கேட்டுத் திருத்திக் கொண்டார். இனி, கல்லூரியில் உங்களுக்கு இயற்பியல் நடத்தியவரை, அல்லது நடத்தப் போகிறவரை, நினையுங்கள். பாடம் நடத்துவது எப்படி என்று அவருக்குச் சொல்லித் தந்தவர் யார்?

பெரும்பாலும் ஒருவரும் இல்லை. நானும் அப்படி வந்தவன்தான். எம்.எஸ்ஸி. தேறி, தகுதித் தேர்வும் எழுதி, பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த அன்று வருகைப் பதிவேடும், பாடத்திட்டத் தாளும், ஒரு பெட்டி சாக்குக் கட்டியும் என் கையில் தரப்பட்டன. என் ஆசிரியர் எனக்கு நடத்தியபடியே நானும் நடத்தினேன். நியூட்டனின் இயக்க விதிகளைக் கரும்பலகை நிறைய எழுதிவிட்டு, "புரிந்ததா?" என்று கேட்டேன். "புரிந்தது சார்" என்று வகுப்பே சொன்னது.

அடுத்த வாரம் ஒரு சிறு கேள்வி கொடுத்தேன். மாங்காய்க்குக் குறி வைத்து ஒரு கல்லை நேர் மேலே எறிகிறீர்கள். கல் கையை விட்டுப் பிரிந்து மேலே போய்க் கொண்டிருக்கிறது. காற்றின் தடையை விட்டுவிட்டால், அப்போது அதன்மேல் செயற்படும் விசைகள் யாவை? பாதிக்கு மேற்பட்டவர்கள் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி போட்டு, "கை கொடுத்த விசை" என்று அதற்குப் பெயரும் எழுதியிருந்தார்கள். கை விலகிய பிறகு கையின் விசை ஏது? கீழ்நோக்கிய புவியீர்ப்பு ஒன்றுதான் உண்டு. விசை என்பது நிறையும் முடுக்கமும் பெருக்கி வருவது என்ற சமன்பாட்டை அதே மாணவர்கள் பிழையில்லாமல் எழுதியிருந்தார்கள் என்பதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது.

வாசகரே, இந்தக் கதை பாளையங்கோட்டையில் நடந்தது என்பதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்த ஊரைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்பார்கள். 1820-இல் இங்கு வந்த ரேனியஸ் காலந்தொட்டே ஊர்ப்புறப் பள்ளிகளுக்கு ஆள் பயிற்றுவிக்கும் வேலை நடந்திருக்கிறது. சாரா டக்கர் நிறுவனம் 1895-இல் கல்லூரியாக வளர்வதற்கு முன்பே பெண்களை ஆசிரியைகளாக்கி அனுப்பியது. 1950-இல் தூய சவேரியார் கல்வியியல் கல்லூரியும், 1957-இல் பெண்களுக்கான தூய இஞ்ஞாசியார் கல்வியியல் கல்லூரியும் இங்கு எழுந்தன. பள்ளி ஆசிரியரை உருவாக்கும் கலை இவ்வளவு பழகிப் போன ஊரில், சில தெரு தள்ளிக் கல்லூரி வகுப்பறைக்குள் அந்தக் கலை நுழையவே இல்லை. இது பாளையங்கோட்டையின் குறையன்று. உலக வழக்கமே அப்படி இருந்தது. சென்னையில் 1856-இலேயே அரசு நார்மல் பள்ளி தொடங்கி, பின்னர் அதுவே சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியாயிற்று. கல்லூரி ஆசிரியருக்கு அப்படி ஒன்று வேண்டுமென்று அன்று எவரும் எண்ணவில்லை.

ஏன் எண்ணவில்லை? ஐரோப்பாவின் பழைய பல்கலைக் கழகங்களில் 'மாஸ்டர்', 'டாக்டர்' என்ற பட்டங்களே கற்பிப்பதற்கான உரிமத்தைக் குறித்தன. இரு சொற்களுக்கும் மூலமான லத்தீனில் பொருள் ஆசிரியர் என்பதே. ஆகவே பட்டம் வாங்கியவர் கற்பிக்கத் தெரிந்தவர் என்பது தானே பெறப்பட்டது. பொருள் மறைந்த பின்னும் நம்பிக்கை மட்டும் மறையவில்லை.

சுதந்திரத்துக்குப் பின் 1948-49-இல் டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையில் பல்கலைக் கழகக் கல்விக் குழு அமைந்தது. சென்னைப் பல்கலைக் கழகத் துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியாரும் அதில் ஓர் உறுப்பினர். ஆசிரியர்கள் அவ்வப்போது தம் அறிவைப் புதுப்பித்துக் கொள்ளப் புத்தொளிப் பயிற்சி வேண்டும் என்று அக்குழு கூறியது. ஆனால் காரியம் நகர்ந்தது வேறொரு திசையிலிருந்து. அமெரிக்காவின் தேசிய அறிவியல் நிறுவனம் 1953 கோடையில் கல்லூரி ஆசிரியருக்கென இரண்டு முகாம்களுக்குப் பணம் தந்தது. கணித ஆசிரியர்கள் கொலராடோவில் கூடினர். இயற்பியல் ஆசிரியர்கள் மின்னசோட்டாவில் கூடினர். 1957-இல் சோவியத் நாட்டின் ஸ்புட்னிக் வானில் ஏறியதும் அமெரிக்கர்களுக்கு வந்த கலக்கம் இந்த முகாம்களைப் பெருக்கிவிட்டது.

அந்த அலை இந்தியாவுக்கும் வந்தது. 1963 கோடையில் பல்கலைக் கழக மானியக் குழுவும் தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழுவும் அமெரிக்க உதவியுடன் நான்கு முகாம்களை நடத்தின. முதலில் பள்ளி ஆசிரியருக்கு. சீக்கிரமே கல்லூரி ஆசிரியருக்கும். 1970-இல் மானியக் குழு கல்லூரி அறிவியல் மேம்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கித் தேர்ந்தெடுத்த கல்லூரிகளின் ஆய்வுக்கூடங்களையும் பாடத்திட்டங்களையும் செப்பனிட முனைந்தது. இவையெல்லாம் நல்ல காரியங்களே. எனினும் அங்கே பேசப்பட்டது பெரும்பாலும் புதிய இயற்பியல்தான். அந்த இயற்பியல் மாணவன் தலைக்குள் எப்படிப் போய்ச் சேருகிறது என்ற கேள்வி ஓரத்தில் நின்றது. 1964-66-இல் பணியாற்றிய கோத்தாரிக் குழு, புதிதாகச் சேரும் விரிவுரையாளருக்கு அறிமுகப் பயிற்சி தர வேண்டும் என்றும், பெரிய பல்கலைக் கழகங்களில் அதற்கென நிலையான ஆசிரியர் கல்லூரிகள் வேண்டும் என்றும் எழுதி வைத்தது. எழுதியது இருபதாண்டு காத்திருந்தது.

நம்மை முந்திக் கொண்டவர்கள் மருத்துவர்கள்! 1950-களின் நடுவில் பஃபலோ நகர மருத்துவக் கல்லூரியில் ஜார்ஜ் மில்லர் என்ற மருத்துவர், சக மருத்துவ ஆசிரியர்களைக் கல்வியியல் அறிஞர்களோடு ஒரே மேசையில் உட்காரவைத்தார். நோயாளியைக் கூர்ந்து பார்க்கப் பழகியவர்கள் மாணவனையும் அப்படிப் பார்க்கலாமே என்பது இதன் உட்கருத்து. உலக சுகாதார நிறுவனம் இதை நாடு நாடாகக் கொண்டு சென்றது. நமக்குப் பக்கத்திலே, புதுச்சேரி ஜிப்மரில், 1975-இல் தேசிய ஆசிரியர் பயிற்சி மையம் தொடங்கியது. பாலிடெக்னிக் ஆசிரியருக்கோ அதற்கு முன்பே, 1964-இல், சென்னைத் தரமணியில் தொழில்நுட்ப ஆசிரியர் பயிற்சி நிறுவனம் வந்திருந்தது. கலைக் கல்லூரி, அறிவியல் கல்லூரி ஆசிரியர்கள்தாம் விடுபட்டு நின்றவர்கள்.

மருத்துவ ஆசிரியர்களின் பயிலரங்குகளில் இடம் பெற்ற ஒரு முறையை இங்கே விளக்கியாக வேண்டும். நுண்ணிலைக் கற்பித்தல் என்று பெயர். 1963-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக் கழகத்தில் டுவைட் ஆலனும் அவர் கூட்டத்தாரும் உருவாக்கியது. ஓர் ஆசிரியர், ஐந்தாறு மாணவர், ஐந்து அல்லது பத்து நிமிடம், ஒரே ஒரு திறமை: கேள்வி கேட்பது என்று வைத்துக் கொள்ளுங்கள். பாடம் முடிந்ததும் பார்த்தவர்கள் குறை நிறை சொல்வார்கள். பதிவு செய்திருந்தால் ஆசிரியர் தம்மைத் தாமே பார்த்துக் கொள்வார். உடனே திட்டத்தை மாற்றி, வேறு ஐந்தாறு பேருக்கு மறுபடி நடத்துவார். 'மறுபடி' என்பதில்தான் சூட்சுமம். ஆய்வுக்கூடத்தில் ஓர் அளவை ஒரே தடவை எடுத்துவிட்டு நோட்டை மூடினால் உங்களை விடுவார்களா?

ஒரு வழியாக, 1986-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி 1987-இல் மானியக் குழு ஆசிரியர் கல்லூரிகள் திட்டத்தைத் தொடங்கி, நாடெங்கும் 48 மையங்களுக்கு ஒப்புதல் தந்தது. புதியவருக்கு நான்கு வார அறிமுகப் பயிற்சி. அனுபவம் உள்ளவருக்குத் தம் பாடத்தில் மூன்று வாரப் புத்தொளிப் பயிற்சி. நெல்லைப் பக்கத்து ஆசிரியர்கள் மதுரை, திருச்சி, கோவை, சென்னை என்று பெட்டி கட்டிப் புறப்பட்டனர். நான்கு வாரத்துக்கு வகுத்த பாடத்திட்டத்தில் நான்கு பகுதிகள் இருந்தன: சமுதாயமும் சூழலும் கல்வியும், கல்வித் தத்துவமும் கற்பிக்கும் முறையும், நூலகம் முதலிய அறிவு வளங்கள், நிர்வாகமும் ஆளுமை வளர்ச்சியும். கற்பிக்கும் முறை இரண்டாம் பகுதியின் ஒரு கூறாக ஒடுங்கியதைக் கவனியுங்கள்.

அதே காலத்து ஊதியத் திருத்தம் இன்னொன்றையும் செய்தது. பதவி உயர்வுக்கு இத்தனை பயிற்சிகள் முடித்திருக்க வேண்டும் என்று விதி வந்தது. இது நன்மையா, தீமையா? விதி இல்லாவிட்டால் பலர் போயிருக்க மாட்டார்கள் என்பது உண்மை. விதி வந்ததால் சான்றிதழுக்காகப் போனவர்கள் நிறைந்தார்கள் என்பதும் உண்மை. நான் போன முகாமில், விரிவுரை மட்டும் போதாது என்ற பொருளில் ஒரு பேச்சாளர் இடைவிடாமல் இரண்டு மணி நேரம் விரிவுரை ஆற்றினார். நாங்கள் நாற்பது பேர் அதைப் பயபக்தியோடு குறித்துக் கொண்டோம். குறித்தபடியே தூங்கியவர்களும் உண்டு. நான்கு வாரத்தில் ஒருவர்கூட என் வகுப்பைப் பார்க்கவில்லை. 2015-இல் இம்மையங்கள் மனிதவள மேம்பாட்டு மையங்கள் ஆயின. 2023-இல் மாளவியா பெயரில் புதிய திட்டத்துக்குள் வந்தன. பயிற்சிகள் பல இணையவழிக்கும் மாறிவிட்டன.

என் கல் கேள்விக்கு வருகிறேன். அரிசோனா மாநிலப் பல்கலைக் கழகத்தில் ஹாலூன், ஹெஸ்டனஸ் என்ற இருவர் 1985-இல் ஓர் ஆய்வு வெளியிட்டனர். ஒரே இயற்பியல் பாடத்தை நான்கு பேராசிரியர்கள் நடத்தினர். ஒருவர் தத்துவங்களைக் கட்டுக்கோப்பாக விளக்குபவர். ஒருவர் சோதனைகள் செய்து காட்டுபவர். ஒருவர் கணக்குகள் போட்டுக் காட்டுவதில் வல்லவர். நான்காமவர் அப்பாடத்துக்குப் புதியவர், புத்தகத்தை ஒட்டியே போனவர். விசை பற்றிய அடிப்படைக் கேள்விகளில் நால்வரின் மாணவர்களும் ஏறக்குறைய ஒரே அளவுதான் முன்னேறியிருந்தனர், அதுவும் சொற்பம். சிறந்த பேச்சாளர் என்ற பெயர் அங்கே எடுபடவில்லை.

1998-இல் ரிச்சர்டு ஹேக் 62 வகுப்புகளின், 6,542 மாணவர்களின் மதிப்பெண்களைத் திரட்டினார். தொடக்கத் தேர்வில் ஒரு வகுப்பு நூற்றுக்கு 40 வாங்கினால் இன்னும் 60 பாக்கி. அந்தப் பாக்கியில் எத்தனை பங்கை அவர்கள் பெற்றார்கள் என்று கணக்கிட்டார். விரிவுரை மட்டுமே கேட்ட வகுப்புகள் சராசரியாக 0.23 பங்கு பெற்றன. மாணவர்கள் தமக்குள் விவாதித்து, விடை சொல்லி, உடனுக்குடன் திருத்தம் பெற்ற வகுப்புகள் 0.48 பங்கு பெற்றன. இரண்டு மடங்கு! ஹார்வர்டில் எரிக் மசூர் 1991 முதல் கையாண்ட முறை இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. கேள்வியைத் தொடுத்து, ஒவ்வொருவரும் தனியே விடை குறித்த பின், பக்கத்தில் இருப்பவரை நம்பவைக்கச் சொல்வார்.

இதையெல்லாம் பரப்ப 1996 முதல் அமெரிக்க இயற்பியல் ஆசிரியர் சங்கம், புதிய பேராசிரியர்களுக்குச் சில நாள் பயிலரங்கு நடத்தி வருகிறது. பலன்? ஹென்டர்சன் குழுவினர் 2012-இல் வெளியிட்ட கணக்கெடுப்பு சொல்வது இது: புதிய முறைகளில் ஒன்றையேனும் முயன்றுபார்த்த அமெரிக்க இயற்பியல் ஆசிரியருள் மூன்றில் ஒரு பங்கினர் பின்னர் எல்லாவற்றையும் கைவிட்டனர். ஆக, நமக்கு மட்டும் வந்த சங்கடம் அன்று இது. பயிலரங்கில் கேட்டு வந்ததை ஆசிரியர் தனியே தம் வகுப்பில் செய்கிறார், சிக்குகிறது, அருகில் கேட்க ஆள் இல்லை, பழைய விரிவுரைக்குத் திரும்புகிறார். பி.எட். மாணவருக்கு வாய்க்கிற அந்தக் கடைசி வரிசை மனிதர் இவருக்கு வாய்ப்பதில்லை.

சென்ற ஆண்டு இவ்வூர்க் கல்வியியல் கல்லூரி ஒன்றில் பணியாற்றும் நண்பரை, அனுமதி வாங்கிக் கொண்டு, என் வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்காரச் சொன்னேன். மணி அடித்ததும் அவர் நியூட்டனைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. "சார், நீங்கள் பதினோரு கேள்வி கேட்டீர்கள். பதினொன்றுக்கும் நீங்களே பதில் சொன்னீர்கள்" என்றார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடிதான் பொறுக்கிறார்கள் என்றும், மூன்று வினாடி பொறுத்தால் மாணவர் விடைகள் நீள்கின்றன என்றும் மேரி பட் ரோ 1970-களிலேயே கண்டறிந்ததை அவர் சொல்லித்தான் நான் அறிந்தேன்.

மறுநாள் கல் கேள்வியை மறுபடி கேட்டுவிட்டு, வாய்க்குள் எண்ணத் தொடங்கினேன். மூன்று வினாடி எவ்வளவு நீளம் என்பது மேடையில் நிற்பவனுக்குத்தான் தெரியும். ஆறு எண்ணியபோது ஒரு மாணவன் எழுந்தான். தமிழ் வழியில் படித்து வந்தவன். அதுவரை வகுப்பில் வாய் திறவாதவன். "சார், கை தள்ளினது கல்லுக்குள்ள இன்னும் கொஞ்சம் இருக்கும்லா? அது தீர்ந்த பொறவுதான கல்லு கீழ வருது?" என்றான்.

பதினான்காம் நூற்றாண்டில் பாரிஸில் ஜான் புரிடான் என்ற அறிஞர் சொன்னதும் கிட்டத்தட்ட இதுவே. எறிபவன் எறிபொருளுக்குள் ஓர் உந்துதலைப் பதித்துவிடுகிறான் என்றார் அவர். அதிலிருந்து விடுபட்டுக் கலிலியோவுக்கு வந்துசேர ஐரோப்பாவுக்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டு பிடித்தது. அவனை உட்காரச் சொல்லாமல், அவன் சொன்னதைக் கரும்பலகையில் எழுதி, அதன் கீழே புரிடானின் பெயரையும் எழுதினேன். பக்கத்து பெஞ்சுக்காரன் எழுந்து, "அப்படின்னா நிலாவுல எறிஞ்சாலும் அதே நேரத்துல தீரணும்லா சார்?" என்று மறுத்தான். அன்று மணி அடித்ததை யாரும் கவனிக்கவில்லை.