வாசற்படிக்குக் கீழுள்ள நிலம்

போடிநாயக்கனூரில் பொழுது புலருமுன்பே ஜீப்புகள் உறுமத் தொடங்கிவிடும். தூக்குவாளியில் சோறும், தோளில் ஒரு துண்டும், மழைக்கென மடித்து வைத்த பிளாஸ்டிக் தாளுமாகப் பெண்கள் நெருங்கி அமர்ந்திருப்பர். முந்தலைக் கடந்து 17 கொண்டை ஊசி வளைவுகளை ஏறிப் போடிமெட்டை அடைந்தால், அதற்கு அப்பால் கேரளம். பூப்பாறை, சாந்தாம்பாறை, ராஜகுமாரி என்று ஏலத்தோட்டங்கள் விரிந்து கிடக்கும். பகலெல்லாம் குனிந்து காய் பறித்தவர்கள் மாலையில் அதே வளைவுகளில் இறங்கி வீடு திரும்புவர்.

மேலே தங்குவதற்கு இடமில்லையா என்று வெளியூரார் கேட்பதுண்டு. தொழிலாளருக்கென்று வீடு கட்டி வைத்திருக்கும் தோட்டங்கள் அங்கே பல உள்ளன. ஆயினும் இப்பெண்கள் நாள்தோறும் இறங்கியே வருகின்றனர். பிள்ளைகளின் பள்ளிக்கூடம், முதியோர், ரேஷன் அட்டை என்று காரணங்கள் பல சொல்லலாம். அவற்றோடு இன்னொன்றும் உண்டு: கீழே இருப்பது தகரக் கூரையேயாயினும் தன் பெயருக்கு வரி ரசீது வரும் வீடு. மேலே இருப்பது வேலை உள்ளவரை விடப்பட்ட வீடு.

இம்மலைகளில் மனிதருக்கு வீடு அமைந்த வரலாற்றை நோக்குவோர் முதலில் காணவேண்டியது ஏலக்காய் ஸ்டோரை என்பது என் எண்ணம். பறித்த பச்சைக் காயை உலர்த்தும் கட்டடம் அது. சுவர்கள் இடைவெளியின்றி எழுப்பப்பட்டிருக்கும். மச்சு உண்டு. வெளியே அடுப்பில் எரியும் விறகின் சூடு இரும்புக் குழாய்களின் வழியே அறைக்குள் சுற்றிவரும். கம்பிவலைத் தட்டுகளில் பரப்பிய காய், ஏறத்தாழ ஐம்பது டிகிரி வெப்பத்தில் ஒரு பகலும் ஓர் இரவும் இருந்து, பச்சை நிறம் மாறாமல் உலர்ந்து வெளிவரும். ஈரம் புகாத, காற்று கசியாத அந்த அறையைப் போன்றதோர் அறை, அதைப் பறித்த கைகளுக்கு நெடுங்காலம் வாய்க்கவில்லை. மலையில் மிகக் கவனமாகக் கட்டப்பட்ட வீடு காய்க்கு உரியதாயிருந்தது. இதைக் குறையாக மட்டும் சொல்லவில்லை. எதற்கு விலையுண்டோ அதற்கு நல்ல சுவர் எழும்பும் என்பது அன்றைய வணிகத்தின் இயல்பு.

அடுத்து லயம். 1877ஆம் ஆண்டு ஜூலை 11ஆம் நாள் பூஞ்ஞாறு அரசரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். அதன்பின் தோட்டங்கள் பெருகப் பெருக, மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து நம் மக்கள் கங்காணிகளின் பின்னே மலையேறினர். போடியிலிருந்து கொட்டகுடி, குரங்கணி வழியாக டாப் ஸ்டேஷனுக்கு ஏறும் பாதை அவர்களின் கால்களால் தேய்ந்தது. மேலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கிவந்தன. மனிதருக்கு அத்தகைய வசதி ஏதுமில்லை.

ஏறிவந்தவருக்கு வீடு காத்திருந்தது. நீண்ட ஒரே கட்டடம். அதைக் குறுக்குச் சுவர்களால் அறைகளாகப் பிரித்திருப்பர். ஓர் அறை, முன்னே சிறு தாழ்வாரம், மேலே தகரம். ஒரு வீட்டின் இருமல் அடுத்த வீட்டில் கேட்கும். எத்தனை பேர் வருவர், எத்தனை வயதினர், அடுப்பு எங்கே வேண்டும் என்று எவரும் அவர்களைக் கேட்டதில்லை. ஆள் வருமுன்பே வீடு தயாராக இருந்தது. ஆயத்த வீடு என்று இன்று நாம் புதுமையாகப் பேசுவதை நம் முன்னோர் நூறாண்டுக்கு முன்பே அறிந்திருந்தனர் என்று சொன்னால், அது பாதி வேடிக்கை, பாதி உண்மை.

விடுதலைக்குப்பின் 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், தோட்டத்தில் குடியிருக்கும் தொழிலாளிக்கும் அவர் குடும்பத்துக்கும் வீடு தருவதை முதலாளியின் கடமையாக்கியது. அது பெரிய நன்மை. 1981ஆம் ஆண்டுத் திருத்தம் மேலும் ஒன்றைச் சேர்த்தது: அவ்வாறு தந்த வீடு இடிந்து உயிரிழப்போ காயமோ நேர்ந்தால் முதலாளி இழப்பீடு தரவேண்டும். ஆனால் குடியிருப்பவரின் தவறோ இயற்கைச் சீற்றமோ மட்டுமே நேரடிக் காரணமாயின் அப்பொறுப்பு இல்லை. வீடு தருவதைக் குறித்து இத்தனை எழுதிய சட்டம், அந்த வீடு என்றேனும் தொழிலாளிக்கு உரியதாகலாம் என்று எழுதவில்லை. 2020இல் இயற்றப்பட்ட தொழிற்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தினுள் இப்பழைய சட்டமும் சேர்க்கப்பட்டுவிட்டது.

அதே 2020ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு, மூணாற்றுக்கு அப்பால் பெட்டிமுடியில் மலை சரிந்தது. நான்கு லயங்கள் மண்ணோடு போயின. 70 பேர் மாண்டனர். சிலருடைய உடல்கள் கிடைக்கவேயில்லை. அவர்களுள் பலர் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாற்றுப் பகுதியைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தினர். பின்னர் எட்டுக் குடும்பங்களுக்குக் குற்றியாற்றில் புது வீடுகள் கட்டித் தரப்பட்டன. மூன்று தலைமுறை மலையில் உழைத்த குடும்பம், தன் பெயரில் ஒரு வீட்டை முதன்முறையாகப் பெற இத்தனை விலை தரவேண்டியிருந்தது என்பதை நினைக்கையில் செபிக்கவும் சொல் எழவில்லை.

இவ்வரலாற்றை நான் திரும்பிப் பார்க்க நேர்ந்ததற்குக் காரணம், அண்மைக் காலமாக மலையடிவாரத்தில் காதில் விழும் ஒரு கேள்வி. தொழிற்சாலையில் செய்து, லாரியில் ஏற்றிவந்து, சில நாட்களில் பூட்டி நிறுத்தும் வீடுகள் இப்போது விற்பனைக்கு வருகின்றன. மலைச் சாலையோர விடுதிகள் சிலவற்றில் அவற்றைக் காணலாம். கொத்தனார் கிடைப்பதும் மணல் கிடைப்பதும் அரிதாகிவிட்ட காலத்தில், அப்படியொரு வீட்டை வாங்கினால் என்ன, அது நிலைக்குமா என்று மக்கள் கேட்கிறார்கள். கேட்பவர் பெரும்பாலும் முதன்முறையாக வீடு வாங்குவோர்.

இடம்பெயர்ந்து வந்த வீடு கத்தோலிக்கருக்குப் புதிதன்று. நாசரேத்தூரில் திருக்குடும்பம் வாழ்ந்த இல்லத்தை வானதூதர்கள் தூக்கிவந்து 1294ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் இத்தாலியின் லொரேத்தோவில் வைத்தனர் என்பது மரபு. ஆஞ்செலி என்ற குடும்பத்தார் அக்கற்களைக் கப்பலில் கொண்டுவந்தனர் என்று கருதும் ஆய்வாளரும் உண்டு. எவ்வாறாயினும், அங்கே நிற்பவை மூன்று சுவர்கள்; அவற்றுக்கு அடித்தளம் இல்லை. திருத்தந்தை பதினைந்தாம் ஆசீர்வாதப்பர் 1920இல் லொரேத்தோ அன்னையை விமானிகளின் பாதுகாவலியாக அறிவித்தார். வீரமாமுனிவர் தம் தேம்பாவணிக்குத் தலைவனாகக் கொண்ட வளன் ஒரு தச்சர் என்பதையும், அவர் இருந்த வீடே இவ்வாறு பெயர்ந்தது என்பதையும் சேர்த்து எண்ணுகையில் மனம் நெகிழ்கிறது.

இன்னொரு தச்சர் லண்டன் மாநகரத்தவர், மானிங் என்பவர். 1830ஆம் ஆண்டளவில் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்த தம் மகனுக்காக, கழற்றிப் பூட்டத்தக்க மரவீடு ஒன்றைச் செய்தார். எந்த உறுப்பும் ஓர் ஆள் சுமக்கும் பாரத்தை மிஞ்சலாகாது என்பது அவர் வைத்துக்கொண்ட அளவு. ஏறக்குறைய அக்காலத்திலேயே, 1829இல், ஹென்றி பால்மர் என்னும் துறைமுகப் பொறியாளர் நெளிநெளியான இரும்புத் தகட்டுக்கு உரிமம் பெற்றார். 1837இல் பிரான்ஸ் நாட்டுச் சொரேல் அதற்குத் துத்தநாகப் பூச்சு முறையைக் கண்டார். நம் மலை லயங்களின் மேல் மழையைத் தாளமாக்கிய தகரம் இவ்வாறு பிறந்ததே. மணிலாவில் தீயும் நிலநடுக்கமும் ஒன்றன்பின் ஒன்றாய்க் கோயில்களை அழித்தபின், பெல்ஜியத்தில் வார்த்த எஃகு உறுப்புகளைக் கப்பலில் வரவழைத்துப் புனித செபஸ்தியார் ஆலயத்தை 1891இல் நிறைவாக்கினர். நிலநடுக்கத்தை அது தாங்கி நிற்கிறது. இன்று அதை அரிப்பது துரு.

நம் நாட்டின் அனுபவம் கசப்பானது. பிரிவினையால் வீடிழந்து வந்தோருக்காக 1948இல் டில்லியில் அரசு வீட்டுத் தொழிற்சாலை ஒன்று தொடங்கப்பட்டது. ராஜகுமாரி அம்ரித் கௌர் பொறுப்பு வகித்த சுகாதார அமைச்சின் முயற்சி அது. நாத்சி ஜெர்மனியை விட்டு வந்து மைசூரில் பணிபுரிந்த கட்டடக் கலைஞர் ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர் அதற்கு மூளையாக இருந்தார். நுரைக் கான்கிரீட்டில் வார்த்த பலகைகள் விரிசல் விட்டன. எண்ணியபடி வீடுகள் எழவில்லை. 1951இல் அவர் லண்டனுக்குப் போய்விட்டார். அவருடைய நோக்கத்தில் குறை காண எனக்கு மனமில்லை. இந்நாட்டு வெயிலிலும் மழையிலும் பலகையைப் போதுமான காலம் சோதித்துப் பாராமல், இலட்சக்கணக்கானோரின் அவசரத்துக்கு அதை ஒப்புக்கொடுத்ததே பிழை. அத்தொழில் அதோடு அழியவுமில்லை. 2022ஆம் ஆண்டு மே மாதம் சென்னைப் பெரும்பாக்கத்தில் திறக்கப்பட்ட 1,152 வீடுகள் முன்வார்ப்புக் கான்கிரீட் உறுப்புகளைப் பூட்டி எழுப்பப்பட்டவை.

ஈழத்து மக்களின் நிகழ்வு இதைவிட நமக்கு நெருங்கியது. போருக்குப்பின் வடக்கிலும் கிழக்கிலும் 65,000 எஃகு வீடுகளை அமைக்க 2015, 2016ஆம் ஆண்டுகளில் இலங்கை அரசு முற்பட்டது. ஆர்சலர் மித்தல் நிறுவனம் தேர்வாயிற்று. வீடொன்றின் மதிப்பு முதலில் ஏறத்தாழ 21 இலட்சம் இலங்கை ரூபாய். தமிழ் மக்களின் பிரதிநிதிகளும் பொறியாளர் பலரும் எதிர்த்தனர். அவர்கள் இரும்பை வெறுத்ததால் அன்று. வெப்பம் தாங்குமா, விறகடுப்புக்கு இடம் எங்கே, பிள்ளைக்குத் திருமணமானால் ஓர் அறை சேர்க்க முடியுமா, அடித்தளம் போதுமா, இந்தப் பணத்தில் கல்வீடு இரண்டு கட்டலாமே என்று கேட்டனர். இந்திய உதவித் திட்டம் அங்கே 5.5 இலட்சம் ரூபாயைத் தவணைகளாக வீட்டுக்காரரிடமே தந்து, அவரையே கட்டவைத்ததை அவர்கள் கண்டிருந்தனர். எஃகு வீட்டுத் திட்டம் அந்த அளவில் நிறைவேறவில்லை. மலையகத்திலோ, லயன் அறைகளிலிருந்து வெளியேறும் குடும்பங்களுக்கு 7 பேர்ச்சஸ் நிலமும் அதன் மேல் வீடும் என்ற திட்டம் வந்தது. நம் கணக்கில் நான்கே கால் சென்டுக்குச் சற்றுக் கூடுதல். சிறிய நிலந்தான், ஆனால் உறுதிப் பத்திரம் உடையது.

அமெரிக்காவில் ஏறத்தாழ இரண்டு கோடிப் பேர் தொழிற்சாலை வீடுகளில் வாழ்கின்றனர். 1976ஆம் ஆண்டு ஜூன் 15 முதல் அவற்றுக்கு நாடு முழுதும் ஒரே கட்டட விதி உண்டு. அதன்பின் அவற்றின் தரம் உயர்ந்தது. ஆயினும் அங்கே துயரம் வேறு வழியில் வருகிறது. வீடு சொந்தம், நிலம் வாடகை என்று பலர் இருக்கின்றனர். நிலத்து வாடகை உயர்ந்தால், எளிதில் பெயர்க்கலாம் என்று பெயர்பெற்ற அந்த வீட்டைப் பெயர்க்கும் செலவுக்கு அவர்களிடம் வழியில்லை.

மணிலா ஆலயம் எழுந்த அதே 1891இல்தான் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் தொழிலாளர் நிலை குறித்த தம் சுற்றுமடலை வெளியிட்டார். சிக்கனமாய் வாழ்ந்து சேமித்த கூலியைக் கொண்டு ஒரு தொழிலாளி நிலம் வாங்கினால், அந்நிலம் அவருடைய கூலியின் மறுவடிவமே என்னும் கருத்தை அதில் முன்வைத்தார். இதைப் போடியில் வைத்துப் படித்தால் அதன் பொருள் கூர்மையாகிறது. தோட்ட வீட்டில் வாழ்நாளைக் கழித்தவர் ஓய்வு பெறும் நாளில் சாவியைத் திருப்பித் தரவேண்டும். பணிக்கொடையும் வைப்புநிதியும் சேர்ந்து கையில் வரும் அந்தச் சமயத்தில், அறுபதை நெருங்கிய வயதில், அவர் முதன்முறையாக வீடு வாங்கப் புறப்படுகிறார். பிழை செய்தால் திருத்திக்கொள்ள இன்னொரு வாழ்நாள் கிடையாது. விற்பனையாளர் காட்டும் வண்ணப் படங்களின் முன் அவர் அமரும் காட்சி எனக்கு அச்சம் தருகிறது.

மணல்மேலும் பாறைமேலும் வீடு கட்டிய இருவரைப் பற்றி நம் ஆண்டவர் சொன்ன உவமையில், சுவர் எதனால் ஆனது என்ற பேச்சே இல்லை. ஆகவே தொழிற்சாலை வீடு ஆகாது என்று நான் சொல்லமாட்டேன். நன்றாகச் செய்த எஃகுச் சட்டம் அவசரத்தில் எழுப்பிய செங்கல் சுவரைவிட நிலைக்கக்கூடும். ஆனால் வரிசை மாறக்கூடாது. முதலில் நிலமும் பட்டாவும். வங்கிக்காரரும் அதையே முதலில் கேட்பார். பிறகு, சரிவான இடமாயின் மேட்டிலிருந்து வரும் தண்ணீர் எங்கே போகும் என்பது. பிறகு, வீடு அடித்தளத்தோடு எதனால் பிணைக்கப்படுகிறது என்பது; ஆடிக் காற்று கணவாயில் இறங்கும்போது கூரையைக் காப்பது அந்தப் பிணைப்புதான். 1968இல் லண்டனில் பலகைகளைப் பூட்டி எழுப்பிய 22 மாடிக் கட்டடம் ஒன்றில் எரிவாயு வெடித்தபோது, பூட்டுவாய்கள் விலகி ஒரு மூலை முழுதும் சரிந்தது. தகட்டின் கனமும் துத்தநாகப் பூச்சும், கூரைக்கடியில் வெப்பந்தடுக்கும் மச்சும், அடுப்புப் புகை போகும் வழியும், பின்னால் ஓர் அறை சேர்க்கும் இடமும் அதன்பின் கேட்கவேண்டியவை. கேட்பதற்குக் கூச்சப்படலாகாது. லயத்தில் பிறந்தவர்களுக்குக் கேட்டுப் பழக்கமில்லை. அதனால் மகனையோ மகளையோ, ஊரில் நேர்மையான ஒரு கொத்தனாரையோ உடன் அழைத்துச் செல்லலாம். அதே நிறுவனம் நிறுத்தி ஐந்தாறு ஆண்டுகளான வீடு எங்கேனும் இருந்தால், ஐப்பசி மழையில் ஒருமுறை அங்கே போய், சுவரைத் தொட்டுப் பார்த்து, அதில் குடியிருக்கும் பெண்ணிடம் பேசிவிட்டு, அதற்குப் பின் முன்பணம் கொடுக்கலாம்.