பொம்மிடி ரயிலும் தங்கச்சியின் சிறுநீரகமும்

"உன் பாடம் சம்பந்தமா ஏதாச்சும் எழுதிக் குடுப்பா" என்று மலர்க் குழு நண்பர்கள் கேட்டார்கள். நான் எழுத்தாளன் அல்ல. 1993-இல் இயற்பியல் முடித்து வெளியேறிய கடத்தூர்க்காரன். ஆனாலும் நம் வகுப்புக் கரும்பலகையில் பார்த்த ஒரு சூத்திரம் பதினோரு வருடம் கழித்து என் வீட்டுக்குள் வந்த கதையை இந்த மலரில் சொல்லாமல் வேறெங்கே சொல்வது?

எங்க ஊருக்கு ரயிலடி என்றால் பொம்மிடியும் மொரப்பூரும்தான். டாப்ளர் விளைவை நடத்தும்போது பேராசிரியர் என்னை எழுப்பி, "நிக்காம போற வண்டி ஊதுறதைக் கேட்டிருக்கியா? வர்றப்ப கீச்சுனு இருக்கும். தாண்டிப் போனதும் சுருதி எறங்கிடும். அவ்வளவுதான் பாடம்" என்றார்.

ஆஸ்திரியாவில் பிறந்த கிறிஸ்டியன் டாப்ளர் 1842-இல் பிராக் நகரில் இதை முதன்முதலில் சொன்னார். அவர் பேசியது நட்சத்திரங்களின் நிறத்தைப் பற்றி. 1845-இல் நெதர்லாந்து அறிஞர் பைஸ் பாலட், ஓடும் ரயிலில் எக்காளம் ஊதுபவர்களை ஏற்றி, தண்டவாளம் ஓரமாக இசை தெரிந்தவர்களை நிறுத்தி, ஒலியில் அதைச் சோதித்துப் பார்த்தார். 1950-களில் ஜப்பானின் ஒசாகாவில் சடோமுரா என்பவர் காதுக்குக் கேட்காத மீயொலியை உடம்புக்குள் அனுப்பி, இதயத்தின் அசைவையும் இரத்த ஓட்டத்தையும் இதே தத்துவத்தால் கண்டார். இங்கே ரயில், நம் இரத்த அணுக்கள்தான்! 1970-களில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஸ்கேன் படத்தையும் டாப்ளரையும் ஒரே கருவியில் இணைத்தார்கள்.

இதற்கும் சிறுநீரகத்துக்கும் என்ன சம்பந்தம்? 1934-இல் கிளீவ்லாந்து நகரில் ஹாரி கோல்ட்பிளாட் என்ற மருத்துவர், நாய்களின் சிறுநீரகத் தமனியை ஒரு கவ்வியால் கொஞ்சம் இறுக்கினார். இரத்த அழுத்தம் ஏறிவிட்டது. வாய்க்கால் அடைச்சா கடைமடைக்காரன் "மோட்டாரை வேகமா ஓட்டு"ன்னு சத்தம் போடுவான் இல்லையா, அதே கதைதான். இரத்தம் குறைந்த சிறுநீரகம் ரெனின் என்ற பொருளைச் சுரக்கிறது. உடம்பு முழுக்க அழுத்தம் கூடுகிறது.

இனி என் வீட்டுக் கதை. 2004-இல் என் தங்கச்சிக்கு வயசு 24. இரண்டு வருஷமாகத் தீராத தலைவலி. பார்த்த இடத்திலெல்லாம் இடது கையில் பட்டை சுற்றி, "பிரஷர் நார்மல்தான், கண்ணாடி போடுங்க" என்றார்கள். கடைசியில் சேலத்தில் ஒரு டாக்டரம்மா இடது கை நாடியைத் தொட்டுப் பார்த்து, "நாடியே சரியா பேசலையே" என்று வலது கையில் பார்த்தார். 200-க்கு மேல்! ஜப்பானியக் கண் மருத்துவர் டகயாசு 1908-இல் எடுத்துச் சொன்ன தமனி அழற்சி அது. பெரிய தமனிகளை வீங்க வைத்துச் சுருக்கும். இளம்பெண்களைத்தான் அதிகம் பிடிக்கும். நம் நாட்டில் இளவயதில் சிறுநீரகத் தமனி சுருங்குவதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

"டாப்ளர் ஸ்கேன் எடுங்க" என்றதும் அம்மா பதறிப்போய், "ஏம்ப்பா, கல்யாணம் ஆகாத பொண்ணுக்கு எதுக்கு ஸ்கேனு?" என்று கேட்டது. எங்க பக்கம் ஸ்கேன் என்றாலே பிள்ளைத்தாய்ச்சி விஷயம்தான்.

வயிற்றில் காற்று இருந்தால் படம் மறையும் என்பதால் வெறும் வயிற்றோடு போனோம். இருட்டறையில் அந்த டாக்டர் பொறுமையாகத் தமனியைத் தேடினார். மீயொலிக்கும் ஓட்டத்துக்கும் நடுவில் உள்ள கோணம் 60 டிகிரியைத் தாண்டினால் கணக்கு தப்பிவிடும். திடீரென்று கருவியிலிருந்து உஸ்... உஸ்... என்று கீச்சுக்குரல். எனக்கு உடம்பு சிலிர்த்தது. பொம்மிடியில் நிக்காம போற வண்டியேதான்!

சாதாரணமாக அந்தத் தமனியில் வேகம் நொடிக்கு 100 சென்டிமீட்டர் அளவில்தான் இருக்கும். 200-ஐத் தாண்டினாலோ, பெருந்தமனியின் வேகத்தைப்போல் மூன்றரை மடங்குக்கு மேல் போனாலோ பெரிய சுருக்கம் என்று சந்தேகிப்பார்கள். குழாய் வாயை விரலால் அழுத்தினால் தண்ணீர் பீய்ச்சுவது மாதிரி. வலது பக்கம் 340. இடது பக்கமோ சத்தமே இல்லை. முழு அடைப்பு. அந்தச் சிறுநீரகம் 7 சென்டிமீட்டராகச் சுருங்கிக் கிடந்தது.

அழற்சியை மருந்தால் அடக்கிய பிறகு, வலது தமனியைப் பலூன் வைத்து விரித்தார்கள். 1978-இல் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் சிறுநீரகத் தமனியில் தொடங்கி வைத்த முறை அது. இடதைக் காப்பாற்ற முடியவில்லை. அந்த இரண்டு வருஷத்தை யாரிடம் திருப்பிக் கேட்பது? ஒற்றைச் சிறுநீரகத்தோடு இன்று அவள் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறாள்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சுருக்கம் கண்ட எல்லோருக்கும் தமனியை விரிக்கத் தேவையில்லை. வயதானவர்களுக்குக் கொழுப்புப் படிந்து வரும் சுருக்கத்தில், பெரும்பாலோருக்கு மாத்திரையே போதும் என்று 2009-இலும் 2014-இலும் வெளிவந்த பெரிய ஆய்வுகள் காட்டின. யாருக்கு எது என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

இன்றைய மாணவத் தம்பி தங்கைகளே, "இந்தப் பாடம் எதுக்கு உதவும்?" என்று நானும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டவன்தான். பதில் வர பதினோரு வருஷம் ஆச்சு. சின்ன வயசில் பிரஷர், ஓயாத தலைவலி என்று யாராவது சொன்னால், "ரெண்டு கையிலயும் பார்த்தாங்களா?" என்று மட்டும் கேட்டு வையுங்கள். அந்தக் கேள்வி எங்களுக்கு இரண்டு வருஷம் பிந்திக் கிடைத்தது.